டீசல் என்றொரு மனிதர்

முன்னுரை

தம் பெயரை ஒரு பொருளுக்குக் கொடுத்துவிட்டுத் தாம் மறைந்துபோன மனிதர்கள் உலகில் சிலர் உண்டு. அவர்களுள் ருடால்ஃப் டீசலைப் போல அடியோடு மறக்கப்பட்டவர் வேறொருவர் இருப்பாரா என்பது ஐயமே. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை ஜி.எஸ்.டி. சாலையில் இரவும் பகலும் ஓடுகின்ற பேருந்துகளும், லாரிகளும், கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் அவர் பெயரைச் சொல்லாமல் சொல்லிக்கொண்டே செல்கின்றன. பங்க்கில் நின்று அவர் பெயரைச் சொல்லித்தான் எண்ணெய் கேட்கிறோம். ஆயினும் மண்ணெண்ணெய், பெட்ரோல் போல டீசலும் ஓர் எண்ணெயின் பெயர் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். மனிதரின் பெயர் முதலில் ஒரு பொறிக்கு வந்தது. பொறியின் பெயர் பிறகு எண்ணெய்க்கு வந்தது.

அந்த மனிதர் 55 ஆண்டுகளே வாழ்ந்தார். புகழின் உச்சியைக் கண்டார், கடனின் ஆழத்தையும் கண்டார், கடலில் மறைந்தார். தம் பொறி எந்த மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்று அவர் விரும்பினாரோ, அந்த மக்களின் கைக்கு அது வந்து சேர்ந்ததைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்த வாழ்க்கையை நம் ஊர்ப் பட்டறைகளை நினைவில் வைத்துக்கொண்டு இங்கே எழுதுகிறேன்.

இளமைப் பருவம்

ருடால்ஃப் டீசல் 1858-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர், பவேரியாவிலிருந்து பிழைப்புத் தேடிப் பாரிசுக்கு வந்தவர்கள். தந்தை தியோடர் புத்தகம் கட்டும் தொழிலாளி. பின்னர்த் தோல் பொருள்கள் செய்து விற்றார். செய்து முடித்த சரக்கைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டுபோய் வாடிக்கையாளர்களிடம் சேர்ப்பது சிறுவன் ருடால்ஃபின் வேலை.

ஓய்வு கிடைத்தால் சிறுவனின் கால்கள் பாரிஸ் தொழிற்கலை அருங்காட்சியகத்தை நோக்கி நடக்கும். அங்கே குன்யோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 18-ஆம் நூற்றாண்டில் செய்த மூன்று சக்கர நீராவி வண்டி வைக்கப்பட்டிருந்தது, இன்றும் இருக்கிறது. பீரங்கிகளை இழுத்துச் செல்வதற்கென்று செய்யப்பட்ட வண்டி அது. குதிரையும் மாடும் இல்லாமல் பாரம் இழுக்க மனிதன் செய்த முதல் முயற்சிகளுள் ஒன்று. கைவண்டி தள்ளிக் கை காய்த்த சிறுவனுக்கு அந்த இரும்பு வண்டி எதைச் சொல்லியிருக்கும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மானியர் என்ற காரணத்தால் டீசல் குடும்பம் பாரிசை விட்டு வெளியேற நேர்ந்தது. இலண்டனில் தஞ்சம் புகுந்தார்கள். அங்கே வறுமை வாட்டியது. பன்னிரண்டு வயது ருடால்ஃபை ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்குத் தனியாக அனுப்பிவைத்தார்கள். கணிதம் கற்பித்துவந்த அந்த உறவினர் சிறுவனைத் தம் பிள்ளைபோல் வளர்த்துப் படிக்க வைத்தார். ருடால்ஃப் வகுப்பில் முதல்வராகத் தேறினார். உதவித்தொகை பெற்று மூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார்.

வகுப்பறையில் விழுந்த விதை

மூனிக்கில் அவருக்குப் பேராசிரியராக வாய்த்தவர் கார்ல் வான் லிண்டே. குளிர்சாதனப் பொறிகளின் தந்தை என்று போற்றப்படுபவர் இவரே. வெப்ப இயக்கவியல் வகுப்பில் அவர் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். நீராவிப் பொறியில் எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட வேலையாக மாறுவதில்லை. மீதி எல்லாம் புகைபோக்கி வழியாகவும் ஆவியாகவும் வீணாகிறது. அதற்கு மாறாக, பிரெஞ்சு அறிஞர் கார்னோ 1824-இல் கணக்கிட்டுக் காட்டிய முறைப்படி ஒரு பொறி அமையுமானால் மிகப் பெரும் பங்கு வெப்பத்தை வேலையாக்கலாம். அதைச் செய்து காட்டியவர் எவரும் இல்லை. இந்தப் பாடத்தைக் கேட்ட மாணவர் தம் குறிப்பேட்டின் ஓரத்தில் அதை ஆராய வேண்டும் என்று குறித்துவைத்தார். அவருடைய வாழ்க்கையே அந்த ஓரக்குறிப்பின் விரிவுரையாக அமைந்துவிட்டது.

நம் கீழ்த்திசைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மலாய் நாட்டிலும் அதன் அண்டைத் தீவுகளிலும் மக்கள் நெருப்பு உண்டாக்க ஒரு சிறு குழலைப் பயன்படுத்திவந்தார்கள். குழலுக்குள் பஞ்சை வைத்து ஒரு தண்டை வேகமாக அடித்து இறக்கினால், நெருக்கப்பட்ட காற்று சூடேறிப் பஞ்சு பற்றிக்கொள்ளும். அத்தகைய கருவியைக் கண்டே டீசலுக்குத் தம் பொறியின் அடிப்படை தோன்றியது என்று சொல்வதுண்டு.

இறுதித் தேர்வின்போது டைபாய்டு காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. தேர்வை எழுத முடியவில்லை. இடைப்பட்ட காலத்தில் சுவிட்சர்லாந்தில் சுல்சர் தொழிற்சாலையில் கையில் எண்ணெய்க் கறை படிய வேலை கற்றார். பிறகு 1880-இல் தேர்வெழுதி மிகச் சிறந்த மதிப்பெண்களுடன் வெளிவந்தார்.

லிண்டேயின் பனிக்கட்டித் தொழிலில் பாரிசிலும் பின்னர் பெர்லினிலும் பணியாற்றினார். 1883-இல் மார்த்தா என்னும் பெண்மணியை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தனர். பகலில் பனிக்கட்டி, இரவில் நெருப்பு என்று அவர் காலம் கழிந்தது.

யாருக்காக?

அவர் மனத்தில் இருந்தது வெறும் கணக்கு மட்டுமன்று. அந்நாளில் நீராவிப் பொறி வைக்க வேண்டுமானால் கொதிகலன் வேண்டும், உயர்ந்த புகைபோக்கி வேண்டும், பெருமுதல் வேண்டும். பணம் படைத்தவரே ஆலை வைத்தனர். தச்சரும், கொல்லரும், நெசவாளரும், கடிகாரம் பழுது பார்ப்பவரும் தொழிலை இழந்து ஆலைக்குக் கூலியாகச் சென்றனர். தந்தையின் சிறு பட்டறையில் வளர்ந்தவருக்கு இது நெஞ்சில் தைத்தது. சிறு தொழிலாளி தன் வீட்டு ஓரத்திலேயே வைத்துக்கொள்ளக்கூடிய, எந்த மலிவான எரிபொருளிலும் ஓடக்கூடிய, சிக்கனமான பொறி ஒன்று கிடைத்தால் அவன் ஆலை முதலாளியோடு நிமிர்ந்து நிற்கலாம் என்று அவர் நம்பினார்.

ஆக்ஸ்பர்க் சோதனைகள்

1893-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டில் தம் கொள்கையை நூலாகவும் வெளியிட்டார். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்ரிக் பூஸ் பட்டறையில் இடம் தந்தார். கிரப் நிறுவனம் ஆண்டுக்கு 30,000 மார்க் ஊதியம் தர ஒப்புக்கொண்டது.

முதற்பொறி சுமார் மூன்று மீட்டர் உயரம். 1893 ஆகஸ்ட் 10-ஆம் நாள் அதில் எரிபொருள் செலுத்தினார்கள். பெருத்த வெடியோசை எழுந்து அழுத்தம் அளக்கும் கருவி சிதறிப் பறந்தது. அருகில் நின்றவர்கள் உயிர் பிழைத்தது நற்பேறு. பொறி தானாக ஓடவில்லை. ஆனால் நெருக்கிய காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றும் என்பது உறுதியாயிற்று.

1894 பிப்ரவரி 17-ஆம் நாள் நடந்தது இதைவிடச் சுவையானது. பட்டறையின் பெரிய தண்டிலிருந்து பெல்ட் போட்டுப் பொறியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். திடீரெனப் பெல்ட்டின் இழுவை மாறியதை லிண்டர் என்னும் மெக்கானிக் கண்டார். இதுவரை பெல்ட் பொறியைச் சுழற்றியது. இப்போது பொறி பெல்ட்டைச் சுழற்றுகிறது! அவர் ஒன்றும் பேசாமல் தம் தொப்பியை எடுத்து வணங்கினார் என்று வரலாறு எழுதியவர்கள் கூறுகிறார்கள். அன்று அது ஓடியது ஒரு நிமிடமே. பேராசிரியர்கள் பலர் மறுத்த ஒன்றை முதலில் கண்டுகொண்டது ஒரு தொழிலாளியின் கண்.

மேலும் மூன்றாண்டு உழைப்புக்குப் பின், 1897 பிப்ரவரி 17-ஆம் நாள் பேராசிரியர் ஷ்ரோட்டர் புதிய பொறியை முறைப்படி சோதித்தார். எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 26.2 பங்கு வேலையாக மாறியது. உலகம் வியந்தது. அந்த 20 குதிரைத்திறன் பொறி இன்று மூனிக் ஜெர்மன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பழைய வண்டி கற்பித்த பாடம்

அந்த நான்காண்டுப் போராட்டம் எதைப் பற்றியது என்பதை நூலில் படித்தபோது எனக்கு முழுதும் விளங்கவில்லை. விளங்கியது திண்டிவனத்துப் பட்டறை ஒன்றில். திருமணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுபவர் என் சித்தப்பா. மயிலம் பங்குனி உத்திரம், மேல்மலையனூர் அமாவாசை என்று இரண்டு சக்கர டிரெயிலரில் பொருத்திய ஜெனரேட்டரை இழுத்துச் செல்லச் சொந்த வண்டி வேண்டியிருந்தது. புது வண்டிக்கு வசதியில்லை. மூடிக்கிடந்த அரிசி ஆலையின் பின்புறம் வேப்பமரத்தடியில் நின்ற பழைய டீசல் பிக்கப் ஒன்றை விலை பேசினார்.

வாங்குமுன் பட்டறை மேஸ்திரியை அழைத்துச் சென்றோம். அவர் பெயிண்டைப் பார்க்கவே இல்லை. சுத்தியலை எடுத்துச் சேஸிஸை நெடுகத் தட்டிக்கொண்டே வந்தார். ஓசை மழுங்கிய இடத்தில் துரு அரித்திருக்கிறது என்றார். கொக்கி மாட்ட வேண்டிய பின் குறுக்குச் சட்டத்தில்தான் அதிக நேரம் தட்டினார். ஆர்.சி. புத்தகத்திலுள்ள எண்ணும் சேஸிஸில் வெட்டிய எண்ணும் ஒன்றா என்று துணியால் துடைத்துப் படித்தார். எஃப்.சி. முடிந்து போயிருந்தது. அதையெல்லாம் விலையில் கழித்துக்கொண்டு சித்தப்பா வாங்கினார்.

வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாது. நான்கு பேர் தள்ளினால் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு புறப்படும். மேஸ்திரி நாசில்களைக் கழற்றி அந்தத் துளையில் அளவுமானியைப் பொருத்தி ஒவ்வொரு சிலிண்டராகப் பார்த்தார். இரண்டில் கம்ப்ரஷன் மிகக் குறைவு. பிஸ்டனை வெளியே எடுத்தபோது ரிங்குகள் தேய்ந்து, லைனர் நீள்வட்டமாகப் போயிருந்தது.

பெட்ரோல் வண்டியில் பிளக் தீப்பொறி தருகிறது. டீசலில் பிளக் கிடையாது. ஏறத்தாழ பதினெட்டுப் பங்கு இடத்திலுள்ள காற்றை ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கும்போது அது 500 டிகிரிக்கும் மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் நாசில் தூவும் எண்ணெய் தானே பற்றுகிறது. ரிங் வழியே காற்றுக் கசிந்தால் அந்தச் சூடு பிறக்காது. எண்ணெய் எரியாமல் வெண்புகையாகப் போகும். நாசில் பனிபோலத் தூவாமல் சொட்டினாலும் அதே கதிதான். கசியாத நெருக்கம், பனிபோன்ற தூவல் ஆகிய இவ்விரண்டுக்காகத்தான் டீசல் ஆக்ஸ்பர்க்கில் நான்காண்டு மன்றாடினார். 1893-இல் அவருடைய பிஸ்டனைச் சுற்றியும் காற்றுக் கசிந்தது. அவர் கணக்கிட்ட அழுத்தம் கிடைக்கவில்லை. தம் நூலில் எழுதிய மிகப் பெரிய அழுத்தங்களைக் கைவிட்டு, இரும்பு தாங்கும் அளவுக்கு இறங்கி வந்த பிறகே பொறி ஓடிற்று.

விழுப்புரத்தில் லேத் வேலை முடிந்து புது லைனர் ஏறியது. வால்வுகள் படிய வைக்கப்பட்டன. நாசில்களும் பம்ப்பும் சர்வீசுக்குப் போய் வந்தன. வாங்கிய விலையில் பாதிக்குமேல் இதற்கே ஆயிற்று. எஞ்சின் ஓடியவுடன் கொக்கியை மாட்டிவிடலாம் என்று சித்தப்பா அவசரப்பட்டார். மேஸ்திரி இசையவில்லை. பின்னால் பாரம் தள்ளும்போது நிறுத்துவதே கடினம் என்று சொல்லி, பிரேக், கிளட்ச், பின் பட்டை ஆகிய மூன்றையும் முடித்து, குறுக்குச் சட்டத்துக்குப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்த பிறகே டிரெயிலரைப் பூட்ட விட்டார். பெயிண்ட் கடைசியில்தான். எஃப்.சி. வாங்கியபின் அந்த வண்டிதான் இப்போது குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. சிறு தொழிலாளிக்குச் சொந்தப் பொறி என்று டீசல் எண்ணியதன் பொருளை நான் கண்டது அங்கேதான்.

மல்லாட்டை எண்ணெயில் ஓடிய பொறி

நம் பகுதியினர் அறிந்து மகிழ வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் பொறி கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டது. பிரெஞ்சு அரசு கேட்டுக்கொண்டதன் பேரில், தன் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் விளையும் நிலக்கடலையைக் கருத்தில் கொண்டு ஆட்டோ நிறுவனம் அதை அமைத்தது. பொறி மிகச் சீராக ஓடியதால், எரிவது கடலை எண்ணெய் என்பதைப் பார்வையாளர்களில் மிகச் சிலரே அறிந்தனர். எண்ணெய்க் கிணறு இல்லாத நாட்டு உழவனும் தன் வயலில் விளைந்ததைக் கொண்டே பொறியை ஓட்டலாம் என்ற எண்ணம் டீசலைக் கவர்ந்தது. 1912-இல் இதைப் பற்றிப் பேசியபோது, தாவர எண்ணெய் இன்று அற்பமாகத் தோன்றினாலும் ஒரு நாள் நிலக்கரிக்கும் பெட்ரோலியத்துக்கும் இணையாகக் கருதப்படலாம் என்ற கருத்தை வெளியிட்டார்.

மல்லாட்டை நம் செம்மண்ணின் பயிர். திண்டிவனத்திலுள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. கடலை இரகங்கள் நாடறிந்தவை. அந்த எழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கின்றன. உணவுக்குரிய எண்ணெயை எஞ்சினில் ஊற்றுவது இன்று கட்டுப்படியாகாது. கெட்டியான எண்ணெய் நாசிலையும் அடைக்கும். ஆயினும் தாவர எண்ணெயைப் பக்குவப்படுத்திச் செய்யும் பயோடீசல் இன்று பல நாடுகளில் வழக்கத்தில் இருக்கிறது.

செல்வமும் சரிவும்

1897-க்குப் பின் பணம் வெள்ளம்போல் வந்தது. அமெரிக்க மதுபான ஆலை அதிபர் அடால்ஃபஸ் புஷ் அந்நாட்டு உரிமைக்காக மட்டும் பத்து இலட்சம் மார்க் கொடுத்தார். டீசல் கோடீசுவரரானார். மூனிக்கில் மாளிகை கட்டினார்.

ஆனால் சந்தைக்குச் சென்ற முதற்பொறிகள் அடிக்கடி பழுதாயின. முதலில் வாங்கியது கெம்ப்டன் நகரத்துத் தீப்பெட்டி ஆலை; தீப்பொறி வேண்டாத பொறி தீக்குச்சி செய்யும் இடத்துக்குப் போனது வேடிக்கைதான். காப்புரிமையில் எழுதியது ஒன்று, ஓடுவது வேறொன்று என்று போட்டியாளர்கள் வழக்காடினார்கள். ஓயாத உழைப்பாலும் கவலையாலும் 1898-இல் நரம்புத் தளர்ச்சி கண்டு மருத்துவமனையில் தங்கினார். நிலத்திலும் பங்குகளிலும் போட்ட பணம் கரைந்தது.

1903-இல் ஒரு நூல் எழுதினார். தொழிலாளர் ஒவ்வொருவரும் சிறுசிறு காசாகச் சேர்த்துப் பொது நிதி அமைத்து, தம் ஆலைகளைத் தாமே உடைமையாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். பத்தாயிரம் பிரதிகள் அச்சிட்டதில் சில நூறே விற்றன. பொறியைக் கண்டதைவிடச் சமுதாயத்துக்கு வழி கண்டதே தம் பெரிய சாதனை என்று அவர் எண்ணியிருந்தார், உலகம் செவிசாய்க்கவில்லை. பெரியசெவலையில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைப் பார்த்த நமக்கு அவர் எண்ணம் அவ்வளவு கற்பனையாகத் தோன்றவில்லை.

கடைசிப் பயணம்

1912-இல் டென்மார்க்கின் செலாண்டியா என்னும் பெருங்கப்பல் டீசல் பொறியால் கடல்கடந்தது. பொறி வென்றது, அதைச் செய்தவர் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார்.

1913 செப்டம்பர் 29-ஆம் நாள் மாலை, இங்கிலாந்தில் நடக்கவிருந்த கூட்டத்துக்காக ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்னும் கப்பலில் ஏறினார். நண்பர்களோடு உணவருந்தினார். காலை ஆறேகால் மணிக்கு எழுப்பச் சொல்லிவிட்டுப் பத்து மணியளவில் அறைக்குச் சென்றார். காலையில் அறை வெறுமையாக இருந்தது, படுக்கை கலையவில்லை. மேல்தளத்தின் கைப்பிடிக் கம்பியருகே அவருடைய தொப்பியும் மேலங்கியும் இருந்தன. ஏறத்தாழப் பத்து நாட்களுக்குப் பின் ஒரு டச்சுப் படகு கடலில் ஓர் உடலைக் கண்டது. உடலிலிருந்த சிறு பொருள்களை எடுத்துக்கொண்டு உடலை அலைக்கே விட்டுவிட்டார்கள். அப்பொருள்கள் தந்தையுடையவை என்று மகன் ஆய்கென் அடையாளம் கண்டார்.

நாட்குறிப்பில் அந்தத் தேதியில் ஒரு சிலுவைக் குறி இருந்தது. புறப்படுமுன் மனைவியிடம் கொடுத்து, ஒரு வாரம் கழித்தே திறக்க வேண்டுமென்று சொல்லியிருந்த பையில் 20,000 மார்க் இருந்தது. வங்கிக் கணக்குகளோ காலியாக இருந்தன. கொலை என்றும் விபத்து என்றும் பேசியவர்கள் உண்டு. கடன் தாளாமல் தாமே உயிரை விட்டார் என்பதே பெரும்பாலோர் கருத்து.

மறைவுக்குப் பின்

டீசல் காலத்துப் பொறிக்கு எண்ணெயைத் தூவப் பெரிய காற்றழுத்தி ஒன்று தேவைப்பட்டது. அதன் பளுவினால் பொறி நிலையாக நிற்கும் ஆலைக்கும் கப்பலுக்குமே உதவிற்று. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களை ஓட்டியது. சிறு தொழிலாளிக்காக எண்ணிய பொறி பேரரசுகளின் படைக்கருவியானது. காற்றழுத்தி இல்லாமலே எண்ணெய் செலுத்தும் முறை வந்தபின் 1924-ஐ ஒட்டி ஜெர்மனியில் டீசல் லாரிகள் சாலைக்கு வந்தன. 1927 முதல் பாஷ் நிறுவனம் எரிபொருள் பம்ப்பைப் பெருமளவில் செய்தது. அதன் பிறகே பொறி சிறுத்து எளியோர் கைக்கு எட்டியது.

நம் நாட்டில் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின் நிறுவனம் 1946-இல் தோன்றியது. 1950-களில் சென்னை சிம்சன் நிறுவனம் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் செய்தது; எண்ணூரில் அசோக் லேலண்டு 1955-இல் அப்பெயர் பெற்றது. மின்சாரம் எட்டாத கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சின் இறைத்த நீரில் விளைந்த நெல்லும் கரும்பும் எத்தனை குடும்பங்களை வாழவைத்தன என்பதை நம் பாட்டன்மார் அறிவர்.

முடிவுரை

டீசல் புகை நுரையீரலுக்குக் கேடு என்பதும், மின் வாகனங்கள் பெருகிவருகின்றன என்பதும் உண்மை. அவர் பொறியும் ஒரு நாள் நீராவிப் பொறியைப்போல அருங்காட்சியகம் போய்ச் சேரலாம். அதற்காக அவர் வருந்தியிருக்க மாட்டார்; வீணாகும் வெப்பத்தைக் கண்டு பொறுக்காமல் பழைய பொறியை மாற்ற முனைந்தவரே அவர்.

நமக்கு அவர் வாழ்க்கை இரண்டு செய்திகளைச் சொல்கிறது. வகுப்பில் கேட்ட ஒரு வாக்கியத்தைப் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் விடாமல் பற்றியிருந்த மாணவர் ஒருவர் உலகத்தின் சாலைகளை மாற்றினார். கணக்கில் பிறந்த அந்தக் கனவை ஓட வைத்ததோ, ரிங்கையும் வால்வையும் திரும்பத் திரும்பப் படிய வைத்த பட்டறைக் கைகள். நூலகமும் பட்டறையும் ஒன்றையொன்று அறியாமல் இருக்கும் நாட்டில் இரண்டும் நலிவுறும். கல்லூரி மாணவர்கள் பட்டறை வாயிலில் நின்று கேள்வி கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை. ஆக்ஸ்பர்க்கில் தொப்பியைக் கழற்றிய லிண்டரைப் போன்றவர்கள் நம் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் இருக்கிறார்கள்.